எந்த எஸ். ராமகிருஷ்ணன்? பெயர்க் குழப்பத்தில் விக்கித்தரவு எவ்வளவு கைகொடுக்கிறது

எஸ். ராமகிருஷ்ணன் என்றதும் பெரும்பாலான வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவர், ‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற எழுத்தாளர். க்ரியா பதிப்பகத்தை நடத்தி, 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்து, 2020 நவம்பரில் மறைந்தவரும் எஸ். ராமகிருஷ்ணன்தான். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கியவரும் எஸ். ராமகிருஷ்ணன், 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு இயக்குநராக இருந்த ராக்கெட் பொறியாளரும் எஸ். ராமகிருஷ்ணன், அவருக்கும் 2003இல் பத்மஸ்ரீ. ஆக, ‘பத்மஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன்’ என்று பட்டத்தைச் சேர்த்துச் சொன்னாலும் ஆள் யாரென்று முடிவாகாது. நால்வருமே தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள், நால்வருக்கும் முன்னெழுத்து ஒன்றே, நால்வருமே செய்திகளில் அடிபட்டவர்கள்.

இப்படி ஒரே பெயரைத் தாங்கிய வெவ்வேறு துறை ஆளுமைகளைப் பிரித்துக் காட்ட இன்று இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் பெரியது விக்கித்தரவு. 2012 அக்டோபரில் தொடங்கியது. ஒவ்வொரு மனிதருக்கும் ஊருக்கும் நூலுக்கும் ‘கியூ’ என்ற எழுத்தோடு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் பிறந்த நாள், ஊர், தொழில், படைப்பு என்று தகவல்களைக் கோக்கிறது. காந்தியடிகளுக்கு கியூ 1001. பெயரை எந்த மொழியில் எப்படி எழுதினாலும் எண் மாறாது. மனிதர்களுக்கான பதிவுகள் மட்டும் 1 கோடியைத் தாண்டும். பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் எடுத்துப் பயன்படுத்துவதற்கும் கட்டணம் கிடையாது.

விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர், நூலகப் பட்டியல் தயாரிக்கிறவர், இதழில் மெய்ப்புப் பார்க்கிறவர், ஆய்வேட்டுக்குத் துணைநூற்பட்டியல் போடுகிறவர் ஆகியோரின் அன்றாட வேலையில் இது எப்படி உழைக்கிறது என்பதே இங்கே பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்களைக் கலக்காமல் பிரித்து வைப்பதில் இதற்கு நிகர் இல்லை. தமிழ்ப் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை நம் தலையில்தான் விழும். ‘குடும்பப்பெயர்’ என்ற இடத்தைத் தமிழருக்கு நிரப்பியிருந்தால் அதை நம்பவே கூடாது.

எண் எப்படி உதவுகிறது என்பதற்கு இரண்டு பாலசந்தர்கள் நல்ல சோதனை. வீணை எஸ். பாலசந்தர் 1927இல் பிறந்து 1990இல் மறைந்தவர். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை 1954இல் இயக்கியவர். கே. பாலசந்தர் 1930இல் நன்னிலத்தில் பிறந்து 2014இல் மறைந்தவர். இயக்கிய முதல் படம் 1965இல் வந்த ‘நீர்க்குமிழி’. ஒருவர் சங்கீதம், ஒருவர் சினிமா என்று கோடு கிழித்துவிட்டால் உடனே மாட்டிக்கொள்வோம். எஸ். பாலசந்தர் ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) படங்களையும் இயக்கியிருக்கிறார். அதே 1970இல் கே. பாலசந்தரின் ‘எதிரொலி’, ‘நவக்கிரகம்’ இரண்டும் வெளிவந்தன. துறையும் ஒன்று, ஊரும் ஒன்று, ஆண்டும் ஒன்று. ‘இயக்கம்: பாலசந்தர்’ என்று மட்டும் குறித்த ஒரு பழைய பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

விக்கித்தரவில் ஒவ்வொரு படத்துக்கும் தனி உருப்படி, அதாவது தனி எண் கொண்ட பதிவு. அதில் ‘இயக்குநர்’ என்ற கூற்றுக்கு எதிரே இருப்பது பெயராகத் தெரிந்தாலும், உள்ளே நிற்பது ஆளின் எண். சொடுக்கினால் நேராக அந்த ஆளிடம் போய் நிற்கலாம். ‘பாலச்சந்தர்’ என்று ஒற்று மிகுத்து ஒருவர் எழுதினாலும் இணைப்பு அறுபடாது. பெயர்ப் பட்டியலை அப்படியே கணினியில் கொட்டி மொத்தமாக ஏற்றும்போதுதான் பிழை நுழைகிறது. பெயர் ஒத்துப்போனதும் கருவி முதலில் கண்ணில் பட்டவரோடு கோத்துவிடும். அதனால் மொத்தமாக ஏற்றுகிறவர்கள் பெயரோடு பிறந்த ஆண்டு, தொழில் ஆகிய இரண்டு நிரல்களையும் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பது கட்டாயம். பொருத்தம் ஐயமாக இருந்தால் அந்த வரியை ஒதுக்கி வைத்துக் கையால் பார்க்க வேண்டும். இருநூறு வரியில் பத்து வரி அப்படி ஒதுங்குவது நல்ல அறிகுறி. ஒன்றுகூட ஒதுங்கவில்லை என்றால் கருவியின் அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆள் யாரென்று உறுதியாகத் தெரியாத இடத்துக்கும் இதில் ஒரு நல்ல வசதி வைத்திருக்கிறார்கள். ‘ஆசிரியர்’ என்ற கூற்றுக்குப் பதில் ‘ஆசிரியர் பெயர், எழுத்து வடிவில்’ என்ற பொருளில் பி 2093 என்று ஒரு பண்பு, அதாவது தகவலை நிரப்பும் பெட்டி, உண்டு. நூலில் அச்சாகியிருப்பதை அப்படியே அதில் போட்டுவிடலாம். பின்னால் விவரம் தெரிந்தவர் வந்து எண்ணோடு இணைத்துக்கொள்வார். ஊகித்து ஒருவர் தலையில் கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். தவறாகக் கட்டிய இணைப்பு அங்கிருந்து பல தளங்களுக்குப் பரவும். வெறும் எழுத்தாகக் கிடப்பது யாரையும் கெடுக்காது. தமிழ் நூல்களைப் பதிவேற்றுகிறவர்கள் இந்தப் பண்பை இன்னும் தாராளமாகக் கையாள வேண்டும்.

இனி, தமிழ்ப் பெயர் என்று வரும்போது சேவை எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்போம். விக்கித்தரவில் ‘இயற்பெயர்’ பி 735, ‘குடும்பப்பெயர்’ பி 734. மேற்கத்தியப் பெயருக்கு இந்த இரண்டு பெட்டியும் போதும். நம் வழக்கத்தில் பெரும்பாலும் இருப்பது ஊர், தந்தை பெயர், தன் பெயர். ராமச்சந்திரன்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகரும் முதலமைச்சருமான எம். ஜி. ராமச்சந்திரன் (1917–1987): மருதூர், கோபாலன். புரதக் கட்டமைப்புக்கு 1963இல் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ தந்த சென்னைப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் (1922–2001): கோபாலசமுத்திரம், நாராயண ஐயர். இல்லாத கை வலிப்பதாக உணர்கிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்துச் சிகிச்சை கண்ட நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் (பிறப்பு 1951): விளயனூர், சுப்பிரமணியன். மூவருக்கும் ராமச்சந்திரன் என்பது சொந்தப் பெயர். கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும் இயந்திரத்துக்கோ மூவரும் ‘ராமச்சந்திரன் குடும்பத்தார்’.

கடைசிச் சொல்தான் சொந்தப் பெயர் என்று விதி வகுத்துக்கொண்டாலும் தப்பிக்க முடியாது. டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அவருடைய தந்தை டி. கே. ராமநாதன்; ஆகவே தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். மகன் ரமேஷ் கிருஷ்ணனுக்குத் தன் பெயர் முன்னால், தந்தை பெயர் பின்னால். ஒரே வீட்டில் ஒரே சொல் அப்பாவுக்குச் சொந்தப் பெயராகவும் மகனுக்குத் தந்தை பெயராகவும் நிற்கிறது. நோபல் பரிசு பெற்ற இருவரைப் பாருங்கள். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதில் சந்திரசேகர் அவர் பெயர்; சுப்பிரமணியன் தந்தை. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதில் வெங்கட்ராமன் அவர் பெயர்; ராமகிருஷ்ணன் தந்தை. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் தந்தை பெயர் விசுவநாதன். அதைச் சுருக்கித்தான் வெளிநாட்டில் அவரை ‘விஷி’ என்று கூப்பிடுகிறார்கள்.

முன்னெழுத்துகளும் எல்லாருக்கும் ஒரே பொருளில் வருவதில்லை. எம். எஸ். சுப்புலட்சுமியில் எம் மதுரை, எஸ் அவருடைய தாயார் சண்முகவடிவு. எம். எஸ். விசுவநாதனில் எம் மனயங்கத்து, எஸ் தந்தை சுப்பிரமணியன். சி. வி. ராமனில் சி தந்தை சந்திரசேகரன். வி என்பதோ வெங்கடராமன் என்ற அவருடைய சொந்தப் பெயரையே இரண்டாக உடைத்ததில் வந்த துண்டு. இதையெல்லாம் விதி போட்டுக் கணினியிடம் ஒப்படைக்க வழியில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சரியான வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. பி 5056 என்ற பண்பு தந்தை அல்லது தாய் வழி வரும் பெயருக்கென்றே உள்ளது. சுப்புலட்சுமிக்குச் சண்முகவடிவு, ஆனந்துக்கு விசுவநாதன் என்று அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, பி 734ஐக் காலியாக விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே யாராவது நிரப்பியிருந்தால் நீக்கலாம். நீக்கும்போது திருத்தச் சுருக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதினால், அடுத்தவர் வந்து மறுபடி நிரப்ப மாட்டார்.

அடுத்தது தேடல். தேடல் பெட்டி பெயரின் தொடக்க எழுத்துகளை வைத்துப் பரிந்துரைக்கிறது. நம்மில் ஒருவர் ராமச்சந்திரன் என்று தொடங்குவார். மரபுப்படி இன்னொருவர் இராமச்சந்திரன் என்று எழுதுவார். முதலெழுத்தே மாறிப்போனதால் பரிந்துரை வராது. உருப்படியில் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் இரண்டு வடிவையும் சேர்த்திருந்தால் மட்டுமே கிடைக்கும். இறுதியில் வரும் ன், ம் வேறுபாடும் இப்படித்தான். கணித மேதை சீனிவாச ராமானுஜன் (1887–1920) ஒருவர். இயற்கணித வடிவியலில் பெயர் பெற்ற சி. பி. ராமானுஜம் (1938–1974) இன்னொருவர். இருவரும் கணிதம், இருவரும் இளமையிலேயே மறைந்தவர்கள், ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ. கே. ராமானுஜன் (1929–1993) மூன்றாமவர். அவர் கணிதக்காரர் இல்லை, ஆனால் மைசூரில் கணிதப் பேராசிரியராக இருந்தது அவருடைய தந்தை. ‘ராமானுஜன், கணிதம்’ என்று இரண்டு சொல்லைப் போட்டுத் தேடுகிறவர் இவர்கள் மூவரில் யாரிடமும் போய்ச் சேரலாம்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று கண்ணுக்கே தெரியாது: ஸ்ரீ. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் இந்த எழுத்தை ‘ஸ’வில் தொடங்கியும் உண்டாக்கலாம், 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கியும் உண்டாக்கலாம். திரையில் பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்கும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் தட்டிய ஸ்ரீனிவாசன், இன்னொரு விசைப்பலகையில் தட்டிய ஸ்ரீனிவாசனைக் கண்டுபிடிக்காது. ‘கொ’, ‘போ’ போன்றவற்றைக் கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டினாலும் விக்கி மென்பொருள் தானே ஒன்றாக்கிவிடும். ஸ்ரீக்கு அந்த உதவி கிடையாது. பெயரில் ஸ்ரீ இருந்து தேடல் வெறுங்கையோடு திரும்பினால், ‘சீனிவாசன்’ என்று போடுவதோ, ஆங்கில எழுத்தில் தேடுவதோதான் வழி. உருப்படி கிடைத்ததும் மற்ற வடிவத்தை வேறு பெயராகச் சேர்த்துவிட்டால், அடுத்து வருகிறவருக்கு இந்த அலைச்சல் மிச்சம்.

வேறு பெயர்கள் என்ற இடத்தின் அருமை தெரிந்து நிரப்ப வேண்டும். முன்னெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டது, விடாதது, திரு. வி. க. என்பது போன்ற சுருக்கம், புனைபெயர், மக்கள் வழங்கிய அடைமொழி எல்லாம் அங்கே போகலாம். திரு. வி. கல்யாணசுந்தரனாரும் (1883–1953) பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் (1930–1959) வழக்கிலேயே பிரிந்து நிற்பதற்குக் காரணம் இந்த ஒட்டுகள்தான். அவற்றை விட்டுவிட்டு ‘கல்யாணசுந்தரம்’ என்று மொட்டையாக உருப்படி தொடங்கினால் குழப்பத்தை நாமே உண்டாக்குகிறோம். பத்மஸ்ரீ, கலைமாமணி, முனைவர் போன்ற பட்டங்கள் மட்டும் பெயருக்குள் வரக் கூடாது. அவற்றுக்கு ‘பெற்ற விருது’, ‘கல்விப் பட்டம்’ என்று தனித்தனிப் பண்புகள் இருக்கின்றன. ஆண்டோடு சேர்த்து அங்கே போட்டால்தான் இரண்டு பத்மஸ்ரீக்களும் பிரிவார்கள்.

பெயருக்குக் கீழே வரும் ஒருவரி விளக்கத்தை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். உண்மையில் பெயர் ஒற்றுமையைத் தீர்க்கும் முதல் கருவி அதுதான். ஒரே மொழியில் ஒரே பெயரும் ஒரே விளக்கமும் கொண்ட இரண்டு உருப்படிகளை விக்கித்தரவு சேமிக்கவே விடாது. பிழை காட்டித் திருப்பி அனுப்பும். ‘தமிழ் எழுத்தாளர்’ என்று போட்டுத் தடை வந்தால், அங்கே இன்னொருவர் இருக்கிறார் என்று அமைப்பு நமக்கு அறிவிக்கிறது. ஒரு முற்றுப்புள்ளி சேர்த்துத் தாண்டிப் போகாமல், அந்த இன்னொருவரைத் திறந்து பார்ப்பதுதான் முறை. அவரே நாம் தேடியவராக இருந்தால் புதிய உருப்படியே வேண்டாம். வேறு ஆள் என்றால் ‘தமிழ் எழுத்தாளர், பிறப்பு 1966’ என்பதுபோல் ஆண்டைச் சேர்த்துவிட்டு, இரண்டு உருப்படியிலும் ‘இதிலிருந்து வேறானது’ என்ற பி 1889ஐ ஒன்றுக்கொன்று காட்டிப் போட வேண்டும். இரண்டு நிமிட வேலை. பிற்காலத்தில் யாராவது இரண்டையும் இணைக்க முயன்றால் இந்தக் கூற்று குறுக்கே நின்று காக்கும்.

அந்த இணைப்புதான் இந்தச் சேவையில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய விபத்து. ஒருவருக்கே இரண்டு உருப்படி இருந்தால் ஒன்றாக்கக் கருவி கொடுத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து அவசரப்பட்டு அதை அழுத்தினால், இரண்டு பேருடைய வாழ்க்கை ஒரே எண்ணின் கீழ் வந்துவிடும்: இரண்டு பிறந்த நாள், இரண்டு தந்தை, அகராதியும் ராக்கெட்டும் ஒரே ஆளுக்கு. இரண்டுக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் தனித்தனிக் கட்டுரை இருந்தால் அமைப்பே மறுத்துவிடும். ஒரு உருப்படிக்கு ஒரு விக்கியிலிருந்து ஒரு கட்டுரைதான் இணையலாம். ஆபத்தெல்லாம் கட்டுரை இல்லாத உருப்படிகளுக்குத்தான். மீட்க வேண்டுமானால் இரண்டு உருப்படியின் வரலாற்றையும் திறந்து, இணைப்புக்கு முந்தைய பதிப்பை இரண்டிலும் மீட்டமைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் செய்துவிட்டு நின்றால் கலந்த தகவல் மற்றதில் அப்படியே தங்கிவிடும். அதோடு, இடைப்பட்ட நாளில் தானியங்கிகள் வேறு உருப்படிகளிலிருந்த பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்றியிருக்கலாம். ‘இதை இணைத்தவை’ பட்டியலைப் பார்த்து அவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், ஏதாவது ஒரு நூலக எண் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் இணைப்புப் பொத்தானில் கை வைக்கக் கூடாது.

துறை, ஊர், முன்னெழுத்து எதுவுமே உதவாத ஒரு இணையைச் சொல்ல வேண்டும்: இரண்டு டி. என். ராமச்சந்திரன்கள். ஒருவர் இந்தியத் தொல்லியல் துறை அறிஞர். நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் பற்றிய அவருடைய ஆங்கில நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது. அதற்கு முன்பே 1934இல் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில்களைப் பற்றி எழுதியிருந்தார். மற்றவர் தஞ்சாவூர் சைவ அறிஞர், ‘சேக்கிழார் அடிப்பொடி’ என்று போற்றப்பட்டவர், பெரியபுராணத்தை முழுமையாக ஆங்கிலத்தில் தந்தவர். இருவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள், இருவரும் தமிழகச் சமய மரபைப் பற்றி எழுதியவர்கள். துணைநூற்பட்டியலில் ‘ராமச்சந்திரன், டி. என்.’ என்று வந்தால் பாதிப்பேர் தவறாகத்தான் ஊகிப்பார்கள். இங்கே கைகொடுப்பது வெளியீட்டு ஆண்டும் வெளியீட்டாளரும். 1930களிலும் 1950களிலும் அருங்காட்சியகம் வெளியிட்டது என்றால் தொல்லியலாளர். திருமுறை மொழிபெயர்ப்பு என்றால் தஞ்சாவூரார். ‘சேக்கிழார் அடிப்பொடி’ என்பதை வேறு பெயராகச் சேர்த்து வைத்தால் தேடுகிறவருக்குச் சந்தேகமே வராது.

தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கங்கள் இதே வேலையை வாசகருக்கு முன்னால் நின்று செய்கின்றன. சிதம்பரம் என்று தேடினால் நடராசர் கோயில் ஊரா, கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளையா (1872–1936), அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரமா, அரசியல்வாதி ப. சிதம்பரமா, சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம். ஏ. சிதம்பரமா என்று கேட்டு வழிகாட்டுவதற்கான ஏற்பாடு அது. நல்ல நெறிப்படுத்தல் பக்கத்தில் ஒரு வரிக்கு ஒரு இணைப்புதான் இருக்கும். பெயரை அடுத்துத் துறையும் ஆண்டும் வரும். வாழ்க்கை வரலாறு வராது. நீண்டு போனால் அந்தப் பக்கம் எதற்காக இருக்கிறதோ அதுவே கெட்டுவிடும். கட்டுரை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, இணைப்பை ஆளின் கட்டுரைக்குக் கொடுக்காமல் நெறிப்படுத்தல் பக்கத்துக்கே கொடுத்துவிடுவது. நெறிப்படுத்தல் பக்கத்தில் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்பதைச் சொடுக்கினால் அப்படிப்பட்ட கட்டுரைகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும், ஒவ்வொன்றாகத் திருத்தலாம். நேரம் குறைவாக இருக்கிற ஒரு புதிய பங்களிப்பாளருக்கு இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

விக்கித்தரவில் வினவல் பக்கம் ஒன்று தனியாக உண்டு. ‘தமிழில் ராமகிருஷ்ணன் என்ற பெயர் கொண்ட மனிதர்கள் யார் யார், பிறந்த ஆண்டும் தொழிலும் என்ன’ என்று கேட்டு அட்டவணையாகவே எடுக்கலாம். ஆனால் ஒரு வினவலுக்கு 60 விநாடிதான் அவகாசம். 1 கோடி மனிதர்களின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று சலிக்கச் சொன்னால் நேரம் தீர்ந்து பிழைதான் வரும். முதலில் குடியுரிமை இந்தியா, தொழில் எழுத்தாளர் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு, அதற்குள் பெயரைத் தேடினால் விடை வரும். தொழில் தெரியாவிட்டால் எழுத்தாளர், அறிவியலாளர், நடிகர் என்று தனித்தனி வினவலாக ஓட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்ற சேவைகளைப் பற்றியும் கொஞ்சம். உலக நூலகங்களின் பெயர்ப் பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் வயாஃப், நூலாசிரியர்களுக்கு நம்பகமான துணை. தமிழில் அதன் பலவீனம் எழுத்துப்பெயர்ப்பு. தமிழ் நூலை நூலகர் பட்டியலிடும்போது ‘எஸ்.’ என்பதைத் தமிழ் ஒலிப்படி ரோமனில் இரண்டு எழுத்தாகப் பெயர்த்து எழுதுவார். அதே ஆசிரியரின் ஆங்கில நூலில் ஓரெழுத்தாக இருக்கும். ஒரே ஆள் இரண்டு கொத்தாகப் பிரிந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் வயாஃப் எண்ணை விக்கித்தரவில் சேர்க்கும் முன், அந்தக் கொத்திலுள்ள நூல் தலைப்புகளைக் கண்ணால் பார்த்தே சேர்க்க வேண்டும். அகராதியும் நாவலும் ஒரே கொத்தில் இருந்தால் அங்கே ஏற்கெனவே இருவர் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த எண்ணைத் தொடாமல் விடுவது நல்லது.

ஆராய்ச்சியாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்சிட் 2012இல் வந்தது. உயிரோடு இருப்பவர் தாமே பதிந்துகொள்வது, ஆகவே ஜி. என். ராமச்சந்திரனை அங்கே தேடக் கூடாது. இன்று கட்டுரை எழுதும் ஆய்வு மாணவர்கள், குறிப்பாக ஆர். கார்த்திக், எஸ். பிரியா போன்ற பெயர் கொண்டவர்கள், முதல் கட்டுரை வருவதற்கு முன்பே இதை வாங்கிவிட வேண்டும். ஐந்தாவது கட்டுரைக்குப் பிறகு வாங்கினால் முந்தைய நான்கையும் தாமே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆர்சிட் எண் 16 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. எண்ணைத் தவறாகத் தட்டினால் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் கற்பனைப் பேராசிரியர் ஜோசியா கார்பெரிக்கு ஆர்சிட் மாதிரியாகக் கொடுத்திருக்கும் எண் 0000-0002-1825-0097. முதல் 15 இலக்கங்களை இடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இதுவரை உள்ள தொகையோடு கூட்டி, இரண்டால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். தொடக்கச் சுழியங்களில் தொகை 0, 2 வரும்போது 4, 1க்கு 10, 8க்கு 36, 2க்கு 76, 5க்கு 162, இரண்டு சுழியங்களுக்கு 324, 648, 9க்கு 1314. இதை 11ஆல் வகுத்தால் மீதி 5. 12இலிருந்து 5ஐக் கழித்தால் 7. எண்ணின் கடைசி இலக்கமும் 7. விடை 10 வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும். அதைப் பிழை என்று நினைத்து நீக்கிவிடுகிறவர்கள் உண்டு, நீக்கக் கூடாது. விடை 11 வந்தால் 0, 12 வந்தால் 1. இந்தச் சோதனை தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும். வேறொரு பிரியாவின் சரியான எண்ணைக் கொண்டுவந்து ஒட்டினால் கணக்கு ஒத்துப்போகும், ஆள் மாறிப்போவார். எண்ணைத் திறந்து அதிலுள்ள நிறுவனத்தையும் கட்டுரைத் தலைப்பையும் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

மறுபடி விக்கித்தரவுக்கே வந்தால், படம் ஒன்று பாக்கி இருக்கிறது. உருப்படியில் இருக்கும் படத்தைப் பல தளங்கள் தானாக எடுத்துக்கொள்கின்றன. தேடுபொறியில் பெயருக்குப் பக்கத்தில் தவறான முகம் வருவதற்கு இதுவும் ஒரு வழி. படத்தைச் சேர்க்கும் முன், விக்கித் திட்டங்களின் படங்களைச் சேமித்து வைக்கும் பொதுவகத்தில் அந்தக் கோப்பின் விளக்கத்தைத் திறந்து, எடுத்த தேதி, இடம், நிகழ்ச்சி மூன்றையும் ஆளின் ஆண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். கோப்பின் தலைப்பில் பெயர் இருப்பது சான்று ஆகாது. ஏற்றியவரும் அதே பெயரால் குழம்பியிருக்கலாம். 2021இல் எடுத்த படம் 2020இல் மறைந்த க்ரியா ராமகிருஷ்ணனுடையதாக இருக்க முடியாது. 2019இல் எடுத்த படமாக இருந்தால் நால்வரில் எவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட படத்தை, நிகழ்ச்சி எது, மேடையில் இருந்தவர் யார் என்று தெரியும் வரைக்கும் எந்த உருப்படியிலும் வைக்க வேண்டாம்.